அடங்காத கட்டைவிரல்

சாகிர் உசேனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. ஒரு தடவையாவது ஒழுங்காகச் செத்துக் காட்ட வேண்டும். துபாயில், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிப் பிழைக்கிற ஐம்பது வயது மனிதருக்கு இது என்ன கூறுகெட்ட ஆசை என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், தப்பில்லை. அவரே தன்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். ஆனால் அவர் நடிகர். வங்கதேசத்துத் தொலைக்காட்சியில் ஒரு காலத்தில் வாரம் தவறாமல் செத்துக்கொண்டிருந்தவர். தான் கடைசியாகச் செய்த நாற்காலி ஆடுகிறது என்று தெரிந்தால் ஒரு தச்சருக்குத் தூக்கம் வருமா? இவர் விஷயத்தில் ஆடியது நாற்காலி இல்லை, வலது கால் கட்டைவிரல்.

அந்த விரலுக்கு நிலைகொள்ளாது. கை, முகம், மூச்சு எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். பிணமாகப் படுத்தால், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை அசையாமல் கிடக்க அவரால் முடியும். ஆனால் உடம்பு முழுக்க அடங்கிய மறுகணம், வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல அந்தக் கட்டைவிரல் மெல்ல நிமிர்ந்து பார்க்கும். பார்த்துவிட்டுப் படுக்கும். மறுபடி நிமிரும். அவராக ஆட்டுவதில்லை, அதுவாக ஆடுவது. நிறுத்த நினைத்தால் இன்னும் உற்சாகமாக ஆடும். டாக்டரிடம் காட்டினார், தாயத்துக் கட்டினார். இரண்டுக்கும் அது மசியவில்லை.

விரலை மட்டும் குறை சொல்வானேன், மனிதரே அப்படித்தான். டீயை நின்றுகொண்டு குடிப்பார். கேம்ப்பிலிருந்து டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லீவு நாளில் ரூமில் எல்லாரும் கட்டிலில் மல்லாந்து கிடக்க, இவர் மட்டும் போர்வையை மடிப்பார், பிரிப்பார், வராந்தாவுக்குப் போவார், வருவார். "பாய், ஒரு எடத்துல உக்காருங்க, எங்களுக்குத் தல சுத்துது" என்று பக்கத்துக் கட்டில் ரெங்கராஜ் கெஞ்சுவான். உட்காருவார். உட்கார்ந்ததும் கால் ஆடும்.

அவர் பிறந்தது கிஷோர்கஞ்ச் பக்கம், பாதி வருஷம் தண்ணீருக்குள்ளும் மீதி வருஷம் சேற்றுக்குள்ளும் கிடக்கிற ஒரு தாழ்ந்த பூமியில். அப்பா படகு ஓட்டினார். மகனையும் துடுப்புப் பிடிக்க வைக்கப் பார்த்தார். மழை நின்று தண்ணீர் வடிந்ததும் ஜாத்ரா கோஷ்டிகள் அந்தப் பக்கம் வரும். ஜாத்ராவை நம் தெருக்கூத்துக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் திறந்த மேடை, நான்கு பக்கமும் சனம். ஒரு கோஷ்டி ஊரைவிட்டுக் கிளம்பியபோது சாகிரும் கூடவே கிளம்பிவிட்டார். படகு அப்பாவிடமே இருந்துவிட்டது.

கோஷ்டியில் அவருக்குக் கிடைத்தவை எல்லாம் காவற்காரன், கொள்ளைக்காரன், எதிரி நாட்டுப் படைவீரன். வந்து நிற்பது, வெட்டுப்படுவது, "ஆ" என்று விழுவது. அந்த "ஆ"தான் வசனம். திரை கிடையாது என்பதால், ராஜா பேசி முடித்து, பாட்டு முடிந்து, விளக்கு மங்குகிறவரை பிணம் பிணமாகவே கிடக்க வேண்டும். விரல் ஆடத்தான் செய்தது. ஜாத்ரா சனம் அதைப் பொருட்படுத்தவில்லை. உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டது. நல்ல சனம்.

அதைச் சரியாகக் கவனித்தது ஓர் ஆள்தான், ரெஹானா. கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் அவர் அடித்துப்போட்டதுபோல் தூங்க, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவள் விரல் நிமிர்வதைப் பார்த்துவிட்டாள். முதலில் பயந்தாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் அதுவே அவளுக்கு ஒரு நிம்மதியாகிவிட்டது. ராத்திரி விழிப்பு வந்தால் அவர் மூச்சைக் கேட்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். கல்யாணத்துக்கு அவர் போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தியை அவள் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அவர்கள் பக்கத்தில் புருஷன் போனால்தான் மூக்குத்தி இறங்கும். நம் பக்கத்துத் தாலி மாதிரி.

டாக்காவில் தொலைக்காட்சி நாடகங்கள் பெருகிய காலத்தில் சாகிர் அங்கே போய்ச் சேர்ந்தார். கட்டுமஸ்தான உடம்பு, கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அது படகுக் கொக்கி கிழித்தது, ஆனால் அதைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்று கத்திக்குத்து என்றே சொல்லிக்கொண்டார். அடியாள் வேஷம் அடுத்தடுத்து வந்தது. அடியாள் என்றால் எப்படியும் சாக வேண்டும். இயக்குநர்கள் உஷாராகி, இடுப்புக்கு மேலேயே படம் எடுத்தார்கள். சில பேர் காலுக்குத் துண்டு போட்டார்கள். ஒருவர் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து நூலால் கட்டிவிட்டார். நிஜப் பிணத்துக்குக் கட்டுவது மாதிரிதான்.

ஊரில் ஒரு வீட்டில்தான் டிவி. நாடகம் போடும் நாளில் முற்றம் நிறைந்துவிடும். அப்பா சுடப்பட்டு விழுந்ததும் மகள் ஷியூலி அலறுவாள். அவளுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ரெஹானா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "முகத்தைப் பார்க்காதே, அது நடிப்பு. காலைப் பாரு. விரல் ஆடுதா? அப்ப அப்பா இருக்காரு" என்பாள். துண்டு போட்ட நாளில் துண்டு அசையும். அம்மாவும் மகளும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மற்ற சனமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

பிறகு மன்சூர் கபீர் வந்தார். பெரிய இயக்குநர். அவருடைய தொடரில் சாகிருக்கு அடியாள் வேஷம் இல்லை, ஒரு படகுக்காரன் வேஷம். நல்லவன், பேச வசனம் உண்டு, அழுவதற்குப் பெண்டாட்டி உண்டு. அப்பாவின் நடை, அப்பா துடுப்பைத் தோளில் சாய்க்கிற விதம் எல்லாவற்றையும் சாகிர் கொண்டுவந்து கொட்டினார். கடைசியில் படகுக்காரன் சாக வேண்டும். கரையில் கிடத்தியிருக்கிறார்கள். பெண்டாட்டியாக நடித்தவள் மார்பில் விழுந்து கதற, கேமரா மெதுவாகப் பின்னால் போய் ஆறு, கரை, உடல் எல்லாவற்றையும் காட்டுகிறது. யாரும் கவனிக்கவில்லை. எடிட்டிங்கிலும் கவனிக்கவில்லை. ஒளிபரப்பானபோது நாடே கவனித்தது.

அதற்குமேல் கேட்கவே வேண்டாம். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துத் தாளம் போட்டார்கள், பாட்டு சேர்த்தார்கள். அவருக்கு ஆங்குல் பாய் என்று பெயர் வைத்தார்கள். ஆங்குல் என்றால் வங்காள மொழியில் விரல், நம் அங்குலத்துக்குச் சொந்தக்காரச் சொல்தான். மன்சூர் கபீர் போனை எடுப்பதை நிறுத்தினார். சாகத் தெரியாத அடியாளை வைத்துக்கொண்டு மற்றவர்கள்தான் என்ன செய்வார்கள்? கொஞ்ச நாள் அலைந்து பார்த்துவிட்டு சாகிர் துபாய் விசாவுக்குக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஷியூலி காலேஜ் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், அவர் தலை நரைத்துவிட்டது, விரல் மட்டும் அப்படியே இருந்தது.

ஜெபல் அலியில் அவருக்கு ஒட்டிக்கொண்டவன் ரெங்கராஜ். அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இந்தியிலும் பாய், தமிழிலும் பாய் என்பதால் கூப்பிடுவதில் அவனுக்குச் சிரமமே இருக்கவில்லை. சாகிருக்கு நடிகர் காது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே தமிழைப் பிடித்துக்கொண்டார், அதுவும் அப்படியே ரெங்கராஜின் தமிழை. கிடங்கில் புதிதாக வரும் தமிழ்ப் பையன்கள் இவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணே புதுக்கோட்டையா?" என்று கேட்பார்கள்.

அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் அனந்தகிருஷ்ணன். பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறுகிறார்கள், எத்தனை சொன்னாலும் ஏறுகிறார்கள், சொல்கிற பாஷை பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தீராத கவலை. பேச்சே இல்லாமல் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஒருவன் பெல்ட் போடாமல் ரேக்கில் ஏறுகிறான், விழுகிறான், சாகிறான். அவ்வளவுதான் கதை. விழுவதற்கு அவர் பிடித்துவந்த பையன்கள் எல்லாம் விழுந்ததும் சிரித்துவிட்டார்கள்.

"சார், நம்ம சாகிர் பாய் இருக்காரு. டாக்காவுல டிவியில செத்தவரு" என்றான் ரெங்கராஜ்.

"செத்தவரா? அப்போ இங்கே அட்டெண்டன்ஸ்ல இருக்கிறது யாரு?"

"நடிப்புல சார்."

செய்தி தெரிந்ததும் சாகிர் ரெங்கராஜைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது, அவமானம் ஒரு பக்கம் இழுக்கிறது. இத்தனை வருஷமாக ரூமில் யாரிடமும் சொல்லாத விரல் கதையை அன்றைக்குத்தான் சொன்னார். "வேணாம்டா. மறுபடியும் ஆடும். இங்கயும் எல்லாரும் சிரிப்பானுங்க. டாக்காவை விட்டு ஓடி வந்தேன், இங்கேருந்து எங்க ஓடுறது?"

ரெங்கராஜ் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, "பாய், குனிஞ்சு உங்க காலைப் பாருங்க" என்றான்.

சாகிர் பார்த்தார். சேஃப்டி ஷூ. முன்பக்கம் இரும்புக் குப்பி வைத்தது, லாரிச் சக்கரம் ஏறினாலும் நசுங்காதது, அது இல்லாமல் கிடங்கின் வாசலையே தாண்ட முடியாது. அவர் நிமிர்ந்தபோது ரெங்கராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். பாதுகாப்புப் படத்தில் சேஃப்டி ஷூ இல்லாமல் ஒருவன் சாக முடியுமா? அனந்தகிருஷ்ணன் விடுவாரா?

படம் பிடிக்க ஷார்ஜாவிலிருந்து ஒரு கேமராக்காரன் வந்தான். விம்டோ சர்பத்தில் சோள மாவைக் கலக்கி ரத்தம் தயாரானது. விழுவது மெத்தையின் மேல்தான், அதைத் தனியாக எடுத்தார்கள். பிறகு சாகிரைச் சிமெண்டுத் தரையில் கிடக்கச் சொல்லி, "சும்மா படுத்தால் போதும்" என்றான் கேமராக்காரன். சும்மா படுப்பதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தார்? அவர் "ஆ" என்று கத்தவில்லை. மார்பைப் பிடிக்கவில்லை. தலையிலிருந்து கழன்று உருண்ட ஹெல்மெட்டை எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளப் பார்க்கிற மாதிரி கையை நீட்டினார். ஃபோர்மேன் பார்த்தால் திட்டுவாரே என்கிற பயம் முகத்தில் ஓடியது. கை பாதி வழி போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

ஷூவுக்குள்ளே விரல் எழுந்து இரும்பை முட்டியது. படுத்தது, மறுபடி முட்டியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அது அவருக்கும் இரும்புக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது.

"கட்" என்று கேமராக்காரன் சொன்ன பிறகும் ஒருவரும் நகரவில்லை. அந்தப் பக்கம் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்திய பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் ஒருவர், ஷூட்டிங் என்று தெரியாமல், தண்ணீர் பாட்டிலோடு "யா அல்லா, யா அல்லா" என்று ஓடிவந்தார். சாகிர் கண்ணைத் திறந்ததும் அவர் பயத்தில் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். சாகிர் எழுந்து, சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷம்தான். அன்றைக்கு அவரைவிட சந்தோஷமான மனிதர் ஜெபல் அலியில் கிடையாது.

சில நாட்கள் கழித்து டிரெயினிங் ரூமில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். போனில் யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று அனந்தகிருஷ்ணன் முதலிலேயே சொன்னார். ரெங்கராஜ் அதைக் கேட்டுக்கொண்டே முன் சீட்டுக்காரன் தோளுக்குப் பின்னால் போனை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, பக்கத்துக் கட்டில்காரர் இப்படிப்பட்ட ஆள் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? அன்று சாயங்காலமே பேஸ்புக்கில் ஏற்றினான். மேலே ஒரே வரி: "எங்க சாகிர் பாய் கொன்னுட்டார்." பக்கத்தில் கும்பிடுகிற கைகள் ஒரு வரிசை.

கொன்னுட்டார் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பிரமாதமாகப் பாடினாலும் கொன்னுட்டார், பிரியாணி நன்றாக இருந்தாலும் கொன்னுட்டார். ஆனால் பேஸ்புக்கில் மொழிபெயர்க்க ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? ரெங்கராஜோடு முன்பு வேலை பார்த்த வங்கதேசத்துக் குமிலாக்காரர் ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினார். "எங்கள் சாகிர் பாயைக் கொன்றுவிட்டார்கள்" என்று வங்காள மொழியில் வந்தது. கீழே விழுந்து சாகிற வீடியோ. கும்பிடுகிற கைகள். அந்த முகத்தை அவர் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவர் கண்ணீரோடு அதைத் தங்கள் ஊர்க்காரர்களின் குரூப்பில் போட்டார். விடிவதற்குள் அது டாக்கா போய்ச் சேர்ந்தது.

மறுநாள் டூட்டியில் சாகிருக்கு ஒன்றும் தெரியாது. கிடங்குக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்றைக்கென்று பார்த்து கன்டெய்னர்கள் மொத்தமாக வந்து இறங்க, சாப்பாட்டைக்கூட உள்ளேயே கொண்டுவந்து கொடுத்து ஓவர்டைம் போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் வெளியே வந்து லாக்கரைத் திறந்தார். உள்ளே போன் நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், அதுவே அதிசயம். அவருடைய பழைய படம் ஒன்றைக் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். கீழே கூட்டம் கூட்டமாக "இன்னா லில்லாஹி" என்று இரங்கல் எழுதியிருந்தார்கள். ஆங்குல் பாய் என்று கேலி செய்தவர்களே, அவரைப் போல அடியாளுக்கு உயிர் கொடுத்தவர் கிடையாது என்று எழுதினார்கள். மன்சூர் கபீர் நீளமாக எழுதியிருந்தார். 'அந்தப் படகுக்காரன் வேஷத்துக்குப் பிறகு இவருக்கு நாம் செய்தது அநியாயம். இந்தக் கடைசிக் காட்சியைப் பாருங்கள், ஹெல்மெட்டை நோக்கிப் போகும் அந்தக் கையைப் பாருங்கள். நடிகன் நிஜத்தில் சாகும்போதும் நடிகன்தான்.'

சாகிர் அதை மறுபடி படித்தார். பொய் சொல்வானேன், இனித்தது. ரெங்கராஜ் பக்கத்தில் வந்து நின்றான். அவன் போனிலும் விஷயம் வந்திருந்தது.

"பாய், நான் பாராட்டித்தான் போட்டேன். சத்தியமா. கொன்னுட்டார்னு..."

"தெரியும்டா. இரு, இதைப் படிச்சுக்கிறேன்."

"வீட்டுக்குப் பேசிட்டீங்களா?"

இமோவில் ரெஹானாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக இறங்கிக் கிடந்தன. சாகிர் அதைப் பார்க்காமல் இல்லை. "அவ நம்பியிருக்க மாட்டா. ஊரே நம்பினாலும் அவ நம்ப மாட்டா. அவளுக்குக் காலைப் பார்க்கத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படித்தார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அந்தச் சொல் காதில் விழுந்தது. காலை. அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

வீடியோவில் அழைத்தார். எடுத்தது மச்சான். "யாரு?" என்றவர், முகத்தைப் பார்த்ததும் பைத்தியம் மாதிரி கத்திக்கொண்டு ஓடினார். முற்றம் தெரிந்தது, நாற்காலிகள் தெரிந்தன, முக்காடு போட்ட பெண்கள் கூட்டம் தெரிந்தது. ஷியூலி "அப்பா, அப்பா" என்று அலறியபடி போனைப் பறித்துக்கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினாள்.

ரெஹானா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. மூக்கு மொட்டையாக இருந்தது.

"ரெஹானா, நான்தான். உயிரோடதான் இருக்கேன். அது கம்பெனிப் படம். நடிப்பு."

அவள் திரையைப் பார்த்தாள். அழவில்லை. "ஷியூலி காட்டினப்ப நான் உங்க முகத்தைப் பார்க்கவே இல்லை" என்றாள். "காலைத்தான் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஓட விட்டு காலையே பார்த்தேன். எல்லாரும் அழுதாங்க, நான் அழல. இப்ப ஆடும், இப்ப ஆடும்னு பார்த்தேன். ஆடல."

"இரும்பு வச்ச ஷூ போட்டிருந்தேன்."

"அதுக்குள்ள இரும்பு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? துண்டு போட்டாலே அசையுமே. ஊருக்கு வந்தா செருப்போட வர்றீங்க. உங்களை ஷூவோட நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே."

சாகிர் குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்து இழுத்தார், முடிச்சு இறுகிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு கழற்றினார். சாக்ஸை உருவி எறிந்தார். காலைத் தூக்கி போனுக்கு நேரே வைத்து விரலை ஆட்டினார். "பாரு. பாரு, ஆடுது."

"அது நீங்க ஆட்டுறது." என்றாள் ரெஹானா. "ஷியூலி அப்பா, நீங்க பேசுறது தெரியுது. நீங்கதான்னு தெரியுது. ஆனா காலையிலேருந்து உங்க பழைய படமா வந்துக்கிட்டே இருக்கு, எல்லாத்திலயும் நீங்க பேசுறீங்க. என் மனசுக்கு எட்ட மாட்டேங்குது. அது தானா ஆடணும். நான் பார்க்கணும்."

சாகிர் போனை ரெங்கராஜிடம் கொடுத்தார். "கால்கிட்டப் பிடி. அசைக்காத" என்றார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் லாக்கர்களின் ஓரம் ஒதுங்கி நிற்க, தரையில் நீட்டிப் படுத்தார். கையைப் பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார். மூச்சை அடக்கினார். தெரிந்த வேலைதான்.

விரல் ஆடவில்லை.

அவர் காத்திருந்தார். ஆடு, ஆடு என்று கெஞ்சினார். வாழ்நாள் முழுக்கத் திட்டியே வளர்த்த விரல், இன்றைக்குப் பார்த்து ரோஷம் வந்ததுபோல் மரக்கட்டையாகக் கிடந்தது. அங்கே முற்றத்தில் அத்தனை பேரும் ஒரு வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெங்கராஜின் கையில் போன் அதிர்ந்தது. "பாய், வேற கால் குறுக்க வருது. மன்சூர் கபீர்னு போட்டிருக்கு. நீங்க இருக்கீங்கன்னு அதுக்குள்ள சேதி போயிருச்சு போல."

"கட் பண்ணு."

"பெரிய டைரக்டர்னு சொன்னீங்களே. சான்ஸா இருந்தா..."

"கட் பண்ணுடா."

ரெங்கராஜ் கட் செய்தான். சாகிருக்கு மன்சூர் கபீரும் அந்த நீளமான பாராட்டும் எங்கோ போய்விட்டன. அந்த மொட்டை மூக்குதான் மூடிய கண்ணுக்குள் நின்றது. புதிதாகக் கல்யாணமான அந்த மத்தியானத்தில் அவள் விசிறிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. தூங்குவதாக அவள் நினைத்திருந்தாள், அவர் அப்போது முழுசாகத் தூங்கவில்லை. விசிறியின் காற்று காலில் பட்டுப் பட்டுப் போனது. ரூமில் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மறந்தது. விரலும் மறந்தது. எப்போது மறந்தாரென்று அவருக்கே தெரியாது.

"ஆடுது பாய்" என்றான் ரெங்கராஜ், மெதுவாக.

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது, சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் முற்றம் மொத்தமும் பேச ஆரம்பித்துவிட்டது. சாகிர் கண்ணைத் திறக்கவில்லை. இந்த ஒரு சாவை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"போதும், எந்திரிங்க" என்றாள் ரெஹானா. "இனிமே வெறுங்காலோடதான் சாகணும், சொல்லிட்டேன்." பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னால் நின்ற பெண்களிடம் அதட்டலாகக் கேட்டது ஜெபல் அலி வரைக்கும் கேட்டது.

"என் மூக்குத்தியை யார்கிட்டக் கொடுத்தேன்? எடுங்க அதை."